கேள்வி–பதில்: ஏலத்துக்கு வரும் பழைய மினி கொம்பியூட்டர் மெமரி போர்ட்டுகள்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆய்வுகூடங்களையும் தொழிற்சாலைகளையும் நடத்திய மினி கொம்பியூட்டர்களை மீண்டும் ஓடவைக்க முயலும் வாசகர்கள் இப்போது அதிகம் கேட்பது ஒன்றுதான்: "இபேயில் ஒரு மெமரி போர்ட் கிடக்கிறது. இது என் மெஷினுக்கு ஆகுமா?" இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறோம். பதில்களுக்கு முன் ஒரு விஷயம். விளம்பரத் தலைப்பை எழுதியவர் அநேகமாகப் பழைய இலத்திரனியல் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்பவர். தன் கையில் இருப்பது என்ன போர்ட் என்று அவருக்கே தெரியாது. ஆகவே தலைப்பை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். கைப்பிடியில் உள்ள எண், அடியில் உள்ள தங்கப் பற்கள், மேலே உள்ள சிப்புகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொன்னால்தான் பணம் கட்டலாம்.

கேள்வி: என்னிடம் பிடிபி-11/23 மினி கொம்பியூட்டர் ஒன்று இருக்கிறது. "டெக் பிடிபி-11 மெமரி போர்ட்" என்ற தலைப்பில் ஒன்று மலிவாக வந்திருக்கிறது. கைப்பிடியில் எம்8043 என்று தெரிகிறது. ஏலம் கேட்கலாமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம், அது மெமரி அல்ல. எம்8043 என்பது டிஎல்வி11-ஜே, அதாவது நான்கு டெர்மினல்களை இணைக்கும் சீரியல் போர்ட். மெமரி அதற்கு அடுத்த எண்: எம்8044, எம்எஸ்வி11-டி. இரண்டுமே சிறிய, இரட்டை அகலப் போர்ட்டுகள். கடைசி இலக்கத்தை யாரோ தவறாகப் படித்தால் இப்படித்தான் தலைப்பு வரும்.

பிடிபி மெஷின்களைச் செய்த டிஜிட்டல் எக்விப்மென்ட் கோர்ப்பரேஷன், எல்லோரும் சொல்வதுபோல் டெக், தன் போர்ட்டுகளின் மேல் விளிம்பில் பிளாஸ்டிக் கைப்பிடி வைத்து அதில் எண்ணைப் பொறித்தது. எம் என்று தொடங்கினால் லொஜிக் போர்ட். கைப்பிடி கத்தரிப்பூ நிறமாக இருக்கும், பழையதானால் வெளிறியும் இருக்கலாம். ஜி என்றால் பச்சைக் கைப்பிடி. சிப்புகளுக்குப் பதிலாகச் சிறு காந்த வளையங்களில் பிட்டுகளை வைத்திருக்கும் பழைய கோர் மெமரியின் டிரைவர், சென்ஸ் போர்ட்டுகள் இந்த வகை. எச் எண்கள் அந்த வளையங்கள் உள்ள கோர் அடுக்குக்கு வரும். போர்ட்டின் செம்பிலேயே 50 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். அது வெறும் அச்சுப் பலகையின் எண். 54 என்று தொடங்குவது பாகங்கள் பொருத்தப்பட்ட பலகையின் எண். கைப்பிடியைக் கவனிக்காமல் இந்த 50 எண்ணையே தலைப்பில் போடுபவர்கள் நிறையப் பேர். அதனால் அந்த விளம்பரங்கள் தேடலில் சிக்குவதில்லை, விலையும் ஏறுவதில்லை. பொறுமையாகத் தேடுபவர்களுக்கு நல்ல போர்ட் கிடைப்பது அங்கேதான்.

எம்79 வரிசையிலும் இதே சிக்கல் உண்டு. எம்7944 என்பது 8 கிலோபைட் ராம். எம்7940 சீரியல், எம்7941 பரலல், எம்7942 ரொம். இந்தக் கடைசி எண்ணை "மெமரி" என்று விற்றால் பொய் சொன்னதாக ஆகாது. ஆனால் உங்களுக்கு வேண்டியது எழுதிப் படிக்கக்கூடிய மெமரி. எம்8047இல் கொஞ்சம் ராமும் இரண்டு சீரியல் வழிகளும் ரொம் சொக்கெட்டுகளும் சேர்ந்தே இருக்கின்றன. எம்7264ஐப் பார்த்தால் மெமரி சிப்புகள் வரிசையாகத் தெரியும். உண்மையில் அது எல்எஸ்ஐ-11இன் சிபியு, 4 கிலோவேர்ட் ராம் அதன் மேலேயே இருக்கிறது (வேர்ட் என்பது மெஷின் ஒரே தடவையில் கையாளும் பிட் தொகுதி, இங்கே 16 பிட்). எண்ணைக் கண்டதும் பிட்சேவர்ஸ் இணையத் தொகுப்பில் உள்ள டெக் கையேடுகளில் தேடிப் பாருங்கள். காசில்லாமல் கிடைப்பவை அவை. அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் ஏலம் கேட்கவே கூடாது.

கேள்வி: கைப்பிடி படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. விற்பவரிடம் கேட்டால் "படத்தில் உள்ளதுதான்" என்கிறார். எண் தெரியாமல் கொள்ளளவைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உண்டு. சிப்புகளை எண்ணுங்கள். இந்தப் பத்தியில் சொல்பவற்றில் இது ஒன்றையாவது எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விருப்பம், ஏனெனில் கைப்பிடியே கழன்று போன போர்ட்டுக்கும் டெக் அல்லாத கம்பனிகளின் போர்ட்டுக்கும் இதுதான் கைகொடுக்கும்.

ஒரே மாதிரியான 16 கால் சிப்புகள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும் பகுதிதான் மெமரி. ஒரு வரிசையில் எத்தனை என்று எண்ணுங்கள். அந்தக் காலத்து டைனமிக் ராம் சிப் ஒவ்வொன்றும் ஒரு பிட் அகலம் கொண்டது. ஆகவே வரிசையின் எண்ணிக்கை மெஷினின் வேர்ட் நீளத்தைச் சொல்லிவிடும். 12 என்றால் பிடிபி-8 குடும்பம். 16 என்றால் பரிட்டி (பிழையைக் காட்டிக்கொடுக்கும் கூடுதல் பிட்) இல்லாத 16 பிட் மெஷின். 17 என்றால் வேர்டுக்கு ஒரு பரிட்டி பிட். எச்பி 1000 அப்படி. 18 என்றால் பைட்டுக்கு ஒரு பரிட்டி. பிடிபி-11 போர்ட்டுகளில் சாதாரணமாகக் காண்பது இதுதான். 22 என்றால் 16 பிட்டோடு பிழை திருத்தும் ஆறு பிட்டுகள். 39 என்றால் 32 பிட்டோடு ஏழு, பெரும்பாலும் டெக்கின் 32 பிட் வாக்ஸ் மெஷினுடையது. போர்ட்டின் வடிவத்துக்காக ஒரு வரிசையை இரண்டாக உடைத்து வைப்பதும் உண்டு. அதனால் மொத்தத்தையும் எண்ணி, 16, 18, 22 ஆகியவற்றில் எதால் மீதியில்லாமல் வகுபடுகிறது என்று பாருங்கள்.

அடுத்தது சிப்பின் பெயர். 16 கிலோபிட் சிப்பை எல்லோரும் 4116 என்றுதான் சொல்வார்கள். ஆனால் மேலே அப்படி எழுதியிருக்க வேண்டும் என்றில்லை. மொஸ்டெக் எம்கே4116 என்று அச்சிட்டது, புஜிட்சு எம்பி8116 என்றது, ஹிட்டாச்சி எச்எம்4716, நஷனல் எம்எம்5290, என்இசி டி416, இன்டெல் 2117. 64 கிலோபிட் சிப் என்றால் டெக்சஸின் டிஎம்எஸ்4164, புஜிட்சுவின் எம்பி8264, ஹிட்டாச்சியின் எச்எம்4864, மொட்டரோலாவின் எம்சிஎம்6665, மொஸ்டெக்கின் எம்கே4564. 256 கிலோபிட்டுக்கு எம்பி81256, எச்எம்50256, டிஎம்எஸ்4256. சிப்பின் மேல் தனியாக நிற்கும் நான்கு இலக்கம் தயாரித்த திகதி. 8132 என்றால் 1981ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். இதைப் பாக எண் என்று நினைத்துத் தலைப்பில் போட்ட விளம்பரங்களும் இருக்கின்றன. மறுபுறம் 7437 என்று கண்டால் அது 1974 என்று முடிவுகட்டிவிடாதீர்கள், எஸ்என்7437 என்றொரு சாதாரண டிடிஎல் சிப்பும் உண்டு.

உங்கள் படத்துக்கு வருவோம். நான்கு தொகுதிப் பற்கள் தெரிகின்றன, ஆகவே குவாட் அகலம். எச்எம்4864 சிப்புகள் வரிசைக்கு 18ஆக நான்கு வரிசை, மொத்தம் 72. ஒரு வரிசை 64 கிலோவேர்ட், அதாவது 128 கிலோபைட். நான்கு வரிசைக்கு 512 கிலோபைட். கியூ-பஸ்ஸில் (சிபியுவையும் மெமரியையும் மற்றப் போர்ட்டுகளையும் இணைக்கும் டெக்கின் பொதுக் கம்பிவழி) இந்த அளவோடும் இந்த அகலத்தோடும் பொருந்துவது எம்8067, எம்எஸ்வி11-பி-யின் முழுக் கொள்ளளவு வகை. இப்போது விற்பவரிடம் "கைப்பிடியில் எம்8067 என்று இருக்கிறதா?" என்று ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். இது என்ன போர்ட் என்று கேட்டால் பதில் வராது. ஆம், இல்லை கேள்விக்கு அநேகமாக வரும்.

கேள்வி: எம்7551 என்ற போர்ட்டை இரண்டு பேர் விற்கிறார்கள். இருவரும் 4 மெகாபைட் என்கிறார்கள். விலை மட்டும் பாதிக்குப் பாதி. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான். எதை நம்புவது?
— வாசகர், தெகிவளை

பதில்: எம்7551க்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்துகளை நம்புங்கள். ஏஏ என்றால் 1 மெகாபைட், பிஏ என்றால் 2, சிஏ என்றால் 4. பிஏ வகையைச் சுலபமாகப் பிடித்துவிடலாம், பாதி இடம் காலியாக இருக்கும். ஏஏ-யும் சிஏ-யும்தான் ஆளை ஏமாற்றும். இரண்டிலும் போர்ட் நிறைய 144 சிப்புகள். ஏஏ-யில் உள்ளவை 64 கிலோபிட், சிஏ-யில் உள்ளவை 256 கிலோபிட். தூரத்துப் படத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஒரே ஒரு சிப்பின் எழுத்து வாசிக்கக்கூடியதாகக் கிட்டப் படம் ஒன்று கேளுங்கள். அதில் 64 என்ற இலக்கங்கள் இருக்கிறதா, 256 இருக்கிறதா என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

எம்8059க்கும் இதே வழி. 4164 சிப் 18 இருந்தால் 128 கிலோபைட், 36 இருந்தால் 256. எம்8637 உங்களுக்கு வந்து சேர்ந்தால் இன்னொன்றையும் நினைவில் வைத்திருங்கள். அது பிடிபி-11/83 போன்ற மெஷின்களின் வேகமான தனி வழிக்காகச் செய்யப்பட்டது. அந்த வேகம் கிடைக்க, பேக்பிளேனில், அதாவது போர்ட்டுகளைச் செருகும் பின்பலகையில், சிபியுவுக்கு முந்திய ஸ்லொட்டில் இருக்க வேண்டும். பின்னால் போட்டால் சாதாரண கியூ-பஸ் மெமரியாகவே நடக்கும்.

கேள்வி: 18 பிட், 22 பிட் என்று சொல்கிறார்களே, அதைப் படத்தில் கண்டுபிடிக்க முடியுமா?
— மாணவர், மொரட்டுவை

பதில்: பல போர்ட்டுகளில் முடியும். கியூ-பஸ் முதலில் 16 பிட் முகவரியோடு வந்தது, பிறகு 18 ஆகி 22 ஆனது. 18 பிட்டில் 256 கிலோபைட் வரை, 22 பிட்டில் 4 மெகாபைட் வரை. கூடுதலாக வந்த நான்கு முகவரிக் கம்பிகளும் இரண்டாவது தொகுதிப் பற்களில், பாகங்கள் உள்ள பக்கத்தில், சி, டி, ஈ, எஃப் என்ற நான்கிலும் வருகின்றன. ஏ-யிலிருந்து எண்ணினால் மூன்றாவது முதல் ஆறாவது பல் வரை. அந்த நான்கு பற்களிலிருந்தும் செம்புக் கோடு புறப்பட்டு ஒரு சிப்பை நோக்கிப் போனால் 22 பிட் என்று நம்பலாம். கோடே இல்லை என்றால் அவசரப்பட்டு 18 என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். பல அடுக்குப் போர்ட்டில் கோடு உள்ளே ஓடும். அப்போது எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும்: எம்8044 18 பிட், எம்8059, எம்8067, எம்7551 மூன்றும் 22 பிட்.

இதில் தவறினால் நடப்பது இதுதான். 18 பிட் போர்ட்டுக்கு அந்தக் கூடுதல் நான்கு முகவரிக் கம்பிகளும் தெரியாது. ஆகவே 22 பிட் மெஷினில் ஒவ்வொரு 256 கிலோபைட்டுக்கும் ஒருமுறை "நான்தான்" என்று பதில் சொல்லும். அங்கே வேறு மெமரி இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பஸ்ஸை இழுக்கும். மெஷின் சில நிமிடம் ஓடும், பிறகு காரணமே தெரியாமல் விழும். போர்ட் பழுதென்று நினைத்து நல்ல போர்ட்டைத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எம்7608 என்ற 4 மெகாபைட் போர்ட்டை என் 11/73இல் போடலாமா?
— வாசகர், கொழும்பு 13

பதில்: கூடாது. எம்7607, எம்7608, எம்7609 மூன்றும் மைக்ரோவாக்ஸ் 2 மெஷினுக்கு உரியவை. அந்த மெஷினில் மெமரித் தரவு கியூ-பஸ் வழியாகப் போவதில்லை. மூன்றாம் நான்காம் தொகுதிப் பற்கள் வழியாகவும் மேலே பூட்டும் ரிப்பன் கேபிள் வழியாகவும் நேராக சிபியுவுக்குப் போகிறது. படத்தில் மேல் விளிம்பில் ரிப்பன் கேபிளுக்கான கொனெக்டர் இருந்தாலே எச்சரிக்கையாகுங்கள். உங்கள் பெட்டியில் மூன்றாம் நான்காம் இடத்திலும் கியூ-பஸ் ஓடினால், செருகி மின்சாரம் கொடுத்த கணத்தில் இரண்டு பக்கமும் சேதமாகலாம்.

கேள்வி: "கோர் மெமரி, பிடிபி-8" என்று எச்220 ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. இதை மட்டும் வாங்கினால் என் பிடிபி-8/ஈ-யில் வேலை செய்யுமா? கோர் போர்ட்டை எப்படி அடையாளம் காண்பது?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: தனியாக வேலை செய்யாது. பிடிபி-8/ஈ-யின் 4 கிலோவேர்ட் கோர் மெமரி மூன்று போர்ட்டுகள் சேர்ந்த ஒரு கூட்டு. ஜி104 சென்ஸ் மற்றும் இன்ஹிபிட், ஜி227 எக்ஸ்-ஒய் டிரைவர், நடுவே எச்220 என்ற அடுக்கு. மூன்றும் பக்கம்பக்கமான ஸ்லொட்டுகளில் நின்று, மேலே பூட்டும் சிறு கொனெக்டர்களால் இணையும். 8 கிலோவேர்ட் வகையில் எண்களே வேறு: ஜி111, ஜி233, எச்212. இரண்டு கூட்டையும் கலக்க முடியாது.

மூன்றும் ஏன் வேண்டும் என்பது கோர் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. எச்220இல் மணல் மணி அளவான ஃபெரைட் வளையங்கள் 49,152 இருக்கின்றன. 4,096 வேர்ட், ஒவ்வொன்றும் 12 பிட். ஒரு வளையத்தைத் தேர்ந்தெடுக்க எக்ஸ் கம்பியில் பாதி மின்னோட்டமும் ஒய் கம்பியில் பாதியும் அனுப்ப வேண்டும். இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டும் காந்தத் திசை மாறிப் புரளும். அந்த மின்னோட்டத்தைத் தருவது டிரைவர் போர்ட். வளையம் புரளும்போது சென்ஸ் கம்பியில் எழும் மிகச் சிறிய துடிப்பைப் பிடித்துப் பெருக்குவது சென்ஸ் போர்ட். படித்ததும் அந்த இடம் அழிந்துவிடும். அதனால் படித்ததையே திரும்ப எழுத வேண்டும், பூச்சியமாக இருக்க வேண்டிய இடத்தில் இன்ஹிபிட் கம்பி எழுதுவதைத் தடுக்க வேண்டும். இவற்றில் எந்த வேலையையும் எச்220 தானாகச் செய்யாது. கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமானால் அது மட்டும் போதும். மெஷினுக்கு வேண்டுமானால் மூன்றையும் சேர்த்து விற்பவரையே தேடுங்கள், அல்லது இவரிடமே "பச்சைக் கைப்பிடி போட்ட மற்ற இரண்டும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஒரே மெஷினிலிருந்து கழற்றியவரிடம் அவை பக்கத்துப் பெட்டியில் இருக்கக்கூடும். கோர் அடுக்குக்கு மட்டும்தான் விலை கிடைக்கும் என்று நினைத்து அவற்றை உருக்கப் போடுவதற்கு முன் நீங்கள் கேட்டுவிட வேண்டும்.

பிடிபி-11 கோர் தேடுபவர்களுக்கு: எம்எம்11-எல் என்பது ஜி110, ஜி231, எச்214. இது 8 கிலோவேர்ட், 16 பிட். எச்215 என்றிருந்தால் அதே அளவு, பரிட்டியோடு 18 பிட். 16 கிலோவேர்ட் எம்எம்11-யு-வில் ஜி114, ஜி235, எச்217, இவற்றோடு எம்8293.

கோர் அடுக்கை வெளித்தோற்றத்தில் பிடிப்பது இலகு. போர்ட்டின் நடுவே ஒரு தட்டையான மூடி, அதைச் சுற்றி நெருக்கமாகச் சிறு டயோட் வரிசைகள். மெமரி சிப் ஒன்றும் இருக்காது. விற்பவர் மூடியைக் கழற்றி, வளையங்கள் மின்ன அழகான படம் போட்டிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். தலைமுடியளவு கம்பியில் ஒரு விரல்நகம் பட்டாலும் போதும், அந்த வரி முழுவதும் போய்விடும். அறுந்த கம்பியை வீட்டில் சரிசெய்வது நடக்காத காரியம். வாங்கியதும் மல்டிமீட்டரால் எக்ஸ், ஒய் வரிகள் ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே ஓம் காட்ட வேண்டும். ஒன்று திறந்த சுற்றாகக் காட்டினால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் காலக்கெடுவுக்குள் விற்பவருக்கு எழுதிவிடுங்கள்.

கேள்வி: கைப்பிடியே இல்லாத பெரிய சதுரப் போர்ட் ஒன்று "மினி கொம்பியூட்டர் ராம்" என்று வந்திருக்கிறது. டெக் இல்லையென்றால் யாருடையது?
— வாசகர், மட்டக்குளி

பதில்: பற்களை எண்ணுங்கள். டெக் போர்ட்டில் பற்கள் தொகுதி தொகுதியாகப் பிரிந்திருக்கும். ஒரு தொகுதிக்குப் பக்கத்துக்கு 18, இரு பக்கமும் சேர்த்து 36. இரண்டு தொகுதி டியுவல், நான்கு குவாட், ஆறு ஹெக்ஸ். டேட்டா ஜெனரலின் நோவா போர்ட் 15 அங்குலச் சதுரம், ஆளுக்கு 100 தொடுமுனை கொண்ட இரண்டு தொகுதி. நீங்கள் சொல்லும் வடிவம் அதற்கே பொருந்துகிறது. ஒரே நீளமான தொகுதியில் பக்கத்துக்கு 50 இருந்தால் எஸ்-100. 43உம் 30உமாக இரண்டு சமமில்லாத தொகுதி இருந்தால் மல்டிபஸ். கடைசி இரண்டும் மைக்ரோ கொம்பியூட்டர் உலகத்தைச் சேர்ந்தவை, தலைப்பு என்ன சொன்னாலும் சரி.

எச்பி என்றால் எண் முறையே வேறு. ஐந்து இலக்கம், ஒரு கோடு, மறுபடி ஐந்து இலக்கம். 60001 போல் ஆறில் தொடங்கும் பின்பாதி முழுப் போர்ட்டைக் குறிக்கும். பக்கத்தில் 1728 போல ஒரு தொடர் எண் இருந்தால் முதல் இரண்டு இலக்கத்தோடு 1960ஐக் கூட்டுங்கள். 1977, வாரம் 28.

டேட்டராம், கிளியர்பொயின்ட், கமின்டன், கிறிஸ்லின், பிளெசி என்ற பெயர்களைக் கண்டால் ஒதுக்காதீர்கள். இவை டெக் மெஷின்களுக்கு மெமரி செய்து விற்ற வேறு கம்பனிகள். வேலை நன்றாகவே செய்யும், எம் எண் இல்லாததால் விலையும் குறைவாகப் போகும். ஆனால் சுவிட்ச் அமைப்புக்கான கையேடு இணையத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் தொடக்க முகவரியை வைப்பது பெரும்பாடு.

கேள்வி: "பரீட்சிக்கப்படவில்லை" என்ற விளம்பரத்தில் படத்தை வைத்துச் சேதத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகர், மருதானை

பதில்: நிறையவே முடியும். பற்களின் நுனியை முதலில் பாருங்கள். தங்கத்துக்காக வாங்குபவர்கள் விளிம்பையே கத்தரித்துவிடுவார்கள். அப்படி வெட்டிய போர்ட்டுகளும் மெமரி என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. படம் பற்கள் தெரியாதபடி எடுக்கப்பட்டிருந்தால் மறுபடி கேட்காமல் ஏலத்தில் இறங்காதீர்கள். அடுத்தது காலியான சொக்கெட். மெமரி வரிசைக்கு நடுவே ஓரிரு இடம் மட்டும் காலியென்றால் யாரோ உதிரிப்பாகத்துக்காகப் பிடுங்கியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் காலியென்றால் அது தொழிற்சாலையிலிருந்தே குறைந்த கொள்ளளவோடு வந்த போர்ட். எம்7891 என்ற யூனிபஸ் (டெக்கின் இன்னொரு பஸ்) போர்ட் இப்படித்தான், 4116 சிப் 144 இருந்தால் 256 கிலோபைட், 72 மட்டும் இருந்தால் 128. துளி வடிவ டன்டலம் கப்பாசிட்டர் கருகியிருந்தால் அதை மாற்றலாம், போர்ட்டை அதற்காக விட வேண்டாம். பச்சை பூத்த சொக்கெட்டும் வளைந்து உடைந்த பலகையும் விட வேண்டியவை.

"கோல்ட் ஸ்க்ராப்" என்ற பெயரில் கிலோக்கணக்கில் போகும் குவியல்களையும் பார்த்து வையுங்கள். இனி யாரும் செய்யப் போவதில்லாத போர்ட்டுகள் அவற்றுக்குள் கிடக்கின்றன. கத்தரிப்பூ நிறக் கைப்பிடி ஒன்று ஓரமாகத் தெரிந்தால் படத்தைப் பெரிதாக்கி எண்ணைப் படியுங்கள். அதைத் தனியாகத் தருவாரா என்று எழுதிக் கேளுங்கள். உருக்கினால் கிடைப்பதைவிட நீங்கள் கூடக் கொடுப்பீர்கள் என்று தெரிந்தால் அவர் தனியாக எடுத்து வைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து கொழும்புக்கு எடுப்பிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: பாவித்த இலத்திரனியல் பாகங்களுக்கான இறக்குமதி விதிகள் வர்த்தமானி மூலம் மாறக்கூடியவை. ஆகவே ஏலத்துக்கு முன்பே சுங்கத்திலோ உங்கள் கிளியரிங் ஏஜென்டிடமோ கேட்டுவிடுங்கள். பொதியின் மேல் "கொம்பியூட்டர்" என்று மொட்டையாக எழுதாமல், பாவித்த மெமரி சர்க்கிட் போர்ட், எண்ணிக்கை, கட்டிய விலை என்று எழுதச் சொல்லுங்கள். இன்வொய்ஸ் உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொன்று. பொதி செய்யும்போது நிலைமின் தடுப்புப் பை, அதன் இரு பக்கமும் கெட்டியான அட்டை, அதற்கு மேல் குமிழ்த் தாள். சாதாரண பொலித்தீன் நேரடியாகப் போர்ட்டில் படக்கூடாது. கலிபோர்னியாவில் மாலை 6 மணிக்கு முடியும் ஏலம் அவர்களுடைய கோடைகால நேரத்தில் நமக்கு மறுநாள் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30.

கேள்வி: எம்8044 வந்து சேர்ந்துவிட்டது. செருகுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், கல்கிசை

பதில்: கடலோர வீடு என்றால் முதல் வேலை பற்களைத் துடைப்பது. ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த, நூல் உதிராத துணி போதும். அழிறப்பர் வேண்டாம், தங்க முலாம் மெல்லியது. பாவிக்காத நாட்களில் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வையுங்கள், உப்புக்காற்று சொக்கெட்டின் தகரத்தைத்தான் முதலில் பிடிக்கும்.

பிறகு மின்சாரம் இல்லாமல் மல்டிமீட்டர். பற்றாசு பிடித்த பக்கத்தில் ஏஏ2 (முதல் தொகுதியின் ஏ பல், இரண்டாம் பக்கம்) என்பது +5 வோல்ட், ஏசி2 தரை, ஏடி2 +12. ஐந்துக்கும் தரைக்கும் இடையே, பன்னிரண்டுக்கும் தரைக்கும் இடையே அளந்து பாருங்கள். சுழியம் ஓமுக்குக் கிட்டக் காட்டினால் அநேகமாக ஒரு டன்டலம் குறுக்குச் சுற்றாகியிருக்கிறது. அதை மாற்றாமல் செருகாதீர்கள். இந்தப் போர்ட்டில் 4116 சிப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு +12, +5, −5 மூன்றும் வேண்டும். −5ஐ போர்ட்டே உண்டாக்கிக்கொள்கிறது. அந்தச் சுற்றுப் பழுதாகி +12 மட்டும் வந்தால் சிப்புகள் செத்துவிடும். ஆகவே முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் ஏதாவது ஒரு 4116இன் முதலாவது காலை அளந்து −5 இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள். எட்டாவது கால் +12, ஒன்பதாவது +5, பதினாறாவது தரை.

எல்லாம் சரியென்றால் டெர்மினலில் ஓடிடி-யின் (முகவரிகளைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வசதி) @ குறி வரும். 1000/ என்று அடித்தால் அந்த இடத்தில் உள்ள எண்ணைக் காட்டும். கேள்விக்குறி வந்தால் அந்த முகவரியில் மெமரி பதில் சொல்லவில்லை, போர்ட்டின் தொடக்க முகவரிச் சுவிட்சுகளைப் பாருங்கள். எண் வந்தால் அதன் மேல் 177777 எழுதி, திரும்பத் திறந்து படியுங்கள். பிறகு 0 எழுதிப் படியுங்கள். எல்லாம் எட்டடி எண்கள், அதாவது 0 முதல் 7 வரையான இலக்கங்களில் எழுதுபவை. 177777 எழுதிய இடத்தில் 177377 திரும்பி வந்தால் எட்டாவது பிட் (வலமிருந்து பூச்சியத்தில் தொடங்கி எண்ணினால்) விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு பல முகவரிகளிலும் அதே பிட் விழுகிறதா என்று பாருங்கள். போர்ட் முழுவதும் விழுந்தால் அந்தப் பிட்டின் பஸ் சிப்பைச் சந்தேகியுங்கள். எம்8044இன் முழு வகையில் பரிட்டி இல்லாமல் 32 சிப், அதாவது 16 கிலோவேர்ட் கொண்ட இரண்டு தொகுதி. ஒரு தொகுதியின் முகவரிகளில் மட்டும் பிழை வந்தால் அந்தத் தொகுதியில் எட்டாவது பிட்டுக்குரிய 4116 ஒன்றை மாற்றினால் போதும். அதன்பின் டெக்கின் பரிசோதனை மென்பொருள் தொகுப்பான எக்ஸ்எக்ஸ்டிபி-யின் மெமரிச் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள், சூடேறிய பிறகு மட்டும் தவறும் சிப்புகள் அப்போதுதான் அகப்படும்.